பதினேழாம் சட்டகத்தின் மரண விவரம்

அந்த நெஞ்சுநோய் மருத்துவமனைக்கு மூச்சுக்குத் திண்டாடுகிறவர்கள்தான் வருவார்கள் என்பதால், சுவரில் என்ன தொங்குகிறது என்று நாற்பது வருஷமாக யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. மருந்துக் கம்பெனிக் காலண்டர் ஒன்று, எச்சில் துப்பாதீர்கள் என்ற பலகை ஒன்று, முதல் கண்காணிப்பாளரின் படம் ஒன்று. அந்தப் படத்தில் இருப்பவரே மூச்சு முட்டினாற்போலத்தான் இருப்பார்.

இது எப்பேர்ப்பட்ட குறை என்று கண்டுபிடித்தவர் இப்போதைய கண்காணிப்பாளர். எங்கோ ஒரு மாநாட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு, கையில் ஒரு தடித்த புத்தகத்தோடு திரும்பி வந்தார். நிலைபேறு முத்திரை வாரியம் என்று ஒன்று இருக்கிறதாம். கட்டடங்களைச் சோதித்து, உலகம் அழியாமல் இருக்க அவை எவ்வளவு உதவுகின்றன என்று மதிப்பெண் போட்டு, வாசலில் பதிக்கப் பித்தளை முத்திரை ஒன்று தருமாம். புத்தகத்தில் சுவர் அலங்காரத்துக்கென்று தனி அத்தியாயம் இருந்தது. பிளாஸ்டிக் பூ வைத்தால் இரண்டு மதிப்பெண் போயிற்று. செடி வைத்தால் ஒன்று வரும், ஆனால் அது தண்ணீர் குடிப்பதற்காக அரை போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முழுசாகப் பத்து மதிப்பெண் ஒன்றுக்குத்தான்: இயற்கையாக இறந்த அந்துப்பூச்சி, வண்டு முதலியவற்றைப் பதப்படுத்திக் கண்ணாடிச் சட்டகத்தில் மாட்டும் நீடித்த அலங்காரக் கலை.

ஊழியர் கூட்டத்தில் கண்காணிப்பாளர் அதை விளக்கினார்.

"நோயாளி வருவார், போவார். ஒரு வாரம் இருப்பார், மிஞ்சினா ஒரு மாசம். ஒழுங்கா பதப்படுத்தின பூச்சி ஐம்பது வருஷம் இருக்கும். சாப்பாடு கேக்காது, புகார் எழுதாது. நிலைபேறுன்னா என்னன்னு இதுக்கு மேல நான் விளக்கணுமா?"

யாரும் விளக்கம் கேட்கவில்லை. கைதட்டினார்கள். வாசலில் நின்ற நோயாளிகளில் கைதட்டத் தெம்பு இருந்தவர்களும் தட்டினார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர் பதிவறை எழுத்தர். அவரை எல்லோரும் பொடியெழுத்தர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளமில்லை; எழுத்துதான் பொடி. ஒரு நோயாளியின் மூன்று வருஷ வரலாற்றைத் தீப்பெட்டி அளவுத் தாளில் எழுதிவிடுவார், ஒரு எழுத்து இன்னொன்றை இடிக்காது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு சீட்டைக்கூட மாற்றி வைத்ததில்லை. அவருக்கு அன்று கூட்டத்தில் மனசு ஒட்டவில்லை. அவருடைய அக்கா இரண்டாம் வார்டில், பதினேழாம் கட்டிலில் படுத்திருந்தாள்.

அக்கா முப்பது வருஷம் நூற்பாலையில் பஞ்சைச் சுவாசித்தவள். பஞ்சு உள்ளே போய் என்ன செய்ததோ, ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மாடிப்படி ஏறுவதற்கு இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. இரண்டாம் வார்டுதான் அந்த மருத்துவமனையில் ஏசி போட்ட ஒரே கூடம். மூச்சு மிகவும் மோசமான இருபது பேருக்கு மட்டும் அங்கே இடம். புழுக்கமும் தூசியும் ஆகாது, இந்த அறையிலேயே இருந்தால் இன்னும் சில வருஷம் ஓடும், வெளியே போனால் சொல்ல முடியாது என்று டாக்டர் எழுத்தரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். தம்பிக்கு அக்காவைத் தவிர வேறு ஆளில்லை, அக்காவுக்கும் அப்படித்தான். ஆகவே அந்தக் கட்டில் அவளுக்கு நிலைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய கவலை.

வேலை தொடங்கியது. ஒரு கட்டிலுக்கு ஒரு சட்டகம் என்று கணக்கு. கட்டிலின் எண்ணையே தலைமாட்டுச் சட்டகத்துக்கும் கொடுத்தார்கள். இரண்டாம் வார்டு பதினேழாம் கட்டில் 2/17 என்றால், அதற்கு மேலே தொங்கும் பூச்சியும் 2/17. புது எண் அச்சடிக்கும் செலவு மிச்சம் என்று இதற்கே தனியாக அரை மதிப்பெண் கிடைத்தது.

ஊசி குத்தும் வேலை கம்பவுண்டருக்கு வந்தது. மனிதர் கையில் நரம்பு தேடுவதற்கு நாலு இடத்தில் குத்துகிறவர், பூச்சி விஷயத்தில் ஒரே குத்தில் முடித்தார். காய்ந்த பூச்சியை ஈரத்துணிப் பெட்டியில் ஒரு நாள் வைத்து இளக்கி, இறகை விரித்து, காகித நறுக்கால் அழுத்திக் காய விடுவார். "இது கையைக் கையை இழுக்கறதில்ல பாருங்க," என்று அதற்கு விளக்கமும் சொன்னார்.

எழுத்தருக்கு வந்தது சீட்டு வேலை. ஒவ்வொரு பூச்சிக்கும் எங்கே கிடைத்தது, எப்போது இறந்தது, எப்படி இறந்தது என்ற விவரம் சட்டகத்தின் பின்னால் ஒட்ட வேண்டும் என்பது விதி. முன்பு சலவைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பசுமை அதிகாரி என்று நியமித்திருந்தார்கள். அவர் செய்த முதல் காரியம், காகிதத்தை மிச்சம் பிடிக்க இரண்டு படிவத்தை ஒன்றாக்கியது. நோயாளி இறந்தால் நகராட்சிக்கு அனுப்பும் மரண விவரச் சீட்டும், பூச்சிச் சீட்டும் இனி ஒன்றே. எண், இடம், நேரம், காரணம், உடனிருந்தவர். பெயர் போட்டால் அந்தரங்கம் கெடும் என்று பெயருக்கான கட்டம் முன்பே போயிருந்தது. பதிவேட்டைப் பார்த்து நகராட்சியே பெயரை நிரப்பிக்கொள்ளும். எழுத்தர் மேசையில் இரண்டு தட்டு. இடது தட்டு நகராட்சிக்கு, வலது தட்டு சட்டகத்துக்கு.

முதல் நூறு சீட்டில் காரணம் என்ற இடத்தில் "இயற்கை" என்று எழுதிக் கொடுத்தார். இத்தனை வருஷமாக நோயாளிகளுக்கு அதைத்தான் எழுதிவந்தார். மூச்சடைப்பு, இயற்கை, அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. ஆனால் சீட்டுகளைச் சரிபார்க்கப் பசுமை அதிகாரி அமைத்திருந்த பூச்சி மரண ஆய்வுக்குழு நூறையும் திருப்பி அனுப்பியது. பசுமை அதிகாரி அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

"ஒரு உயிர் போயிருக்கு சார். ஒரே வார்த்தையில முடிச்சா எப்படி? சாகறதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு, அங்கேர்ந்து யார் நகர்த்தினாங்க, ஏன் நகர்த்தினாங்க, வெக்கை எவ்வளவு, யாராவது உதவிக்கு வந்தாங்களா, கடைசி நேரத்துல பக்கத்துல யாரு. இதெல்லாம் இல்லாம இயற்கைன்னு எழுதறது, மன்னிக்கணும், பொறுப்பில்லாத்தனம்."

எழுத்தர் சரி என்றார். அன்றிலிருந்து காலை வேளைகளில் தாழ்வாரத்தில் ஒரு முக்காலி போட்டு, கீழே விழுந்து படபடத்துக்கொண்டிருக்கும் அந்துப்பூச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அது அடங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. சிலது அரைமணியில் முடித்துக்கொள்ளும். சிலது பதினொரு மணிவரை இழுக்கும். அதுவரை கையில் கடிகாரத்தோடு காத்திருந்து, முடிந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போவார்.

"ஒண்ணுக்கு ஒரு மணி நேரமா?" என்று அக்கா கேட்டாள். "இப்பதான் டாக்டர் வந்துட்டுப் போனாரு. நாடி பார்த்த நேரத்துல அவர் வாட்சுல முள்ளே நகரலடா."

அவள் தலைமாட்டில் மாட்டியிருந்தது உள்ளங்கை அகல அந்துப்பூச்சி. சாம்பல் நிறம். இரண்டு இறகிலும் பெரிய கண் போல வட்டம். அக்கா அதற்கு சூப்பிரண்டு என்று பெயர் வைத்திருந்தாள். கண் பெரிசு, ஆனால் எதையும் பார்க்காது என்பது காரணம். வார்டு முழுக்க அந்தப் பெயர் பரவி, ஒருநாள் கண்காணிப்பாளரே அந்தப் பூச்சி முன்னால் நின்று, நல்ல மாதிரி, கம்பீரமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். இருமலுக்கு நடுவே இருபது பேரும் சிரித்ததில் இரண்டு பேருக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று.

இருநூற்று அறுபது கட்டில். அத்தனைக்கும் பூச்சிகள் தாமாக வந்து சாகவில்லை. கொல்லக் கூடாது என்று புத்தகம் சொல்கிறது. கண்காணிப்பாளர் யோசித்து, ஜன்னல் வலைகளைக் கழற்றச் சொல்லி, ஏசி கூடத்தின் ஜன்னல்களையும் திறந்துவைத்து, இருட்டியதிலிருந்து விடியும்வரை எல்லா வார்டிலும் பெரிய விளக்குகளை எரியவிட உத்தரவு போட்டார். இது கொலை ஆகாதா என்று கம்பவுண்டர் கேட்டாராம். "நாம என்ன கொல்றோம்? விளக்கப் போட்டு வெக்கிறோம். வர்றதும் விழறதும் அதுங்க இஷ்டம்," என்று பதில் வந்தது.

பூச்சிகள் வந்தன. கூடவே கொசுவும் வந்தது, அதற்கு மதிப்பெண் இல்லை. இறகிலிருந்து உதிரும் பொடி கட்டில்மேல் மெல்லிய சாம்பலாகப் படிந்தது. நோயாளிகள் கண்ணை மூடவில்லை. "முன்னாடி மூச்சு வராம தூக்கம் வரல, இப்ப தூக்கம் வராம மூச்சு வரல. முன்னேற்றம்தான்," என்றாள் அக்கா. எழுத்தர் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். எழுத்து மிகப் பொடியாக இருப்பதால் படிக்க இயலவில்லை என்று அது திரும்பி வந்தது. அதே எழுத்தைப் பூச்சிச் சீட்டில் பார்த்த குழு, நுணுக்கத்துக்காக அவரைப் பாராட்டியிருந்தது.

இருநூற்று அறுபது சட்டகமும் தொங்கிய மூன்றாம் வாரம், சட்டகத்துக்குள் ஏதோ தூள் விழுவதைக் கம்பவுண்டர் கவனித்தார். செத்த பூச்சியைத் தின்கிற ஒரு பொடி வண்டு உள்ளே புகுந்திருந்தது. மருந்தடித்தால் முத்திரை போய்விடும். அந்துருண்டை வைத்தாலும் போய்விடும். புத்தகத்தைப் புரட்டியதில் ஒரு வழிதான் இருந்தது: குளிர்ச்சியான, ஈரமில்லாத, மூடிய அறை.

அப்படிப்பட்ட அறை அந்த மருத்துவமனையில் ஒன்றுதான் இருந்தது.

உத்தரவு எழுத்தில் வந்தது. வாரியத்தின் சோதனை முடியும்வரை சட்டகங்கள் அனைத்தும் இரண்டாம் வார்டில் வைக்கப்படும். அங்கே தற்போது உள்ளவை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றப்படும். உள்ளவை என்று தட்டச்சில் விழுந்திருந்தது. எழுத்தர் அதைச் சுட்டிக்காட்டக் கண்காணிப்பாளரின் அறைக்குப் போனார். இலக்கணத்துக்காக அல்ல, அக்காவுக்காக. புழுக்கம் அவளுக்கு ஆகாது என்றார். டாக்டர் எழுதியிருக்கிறார் என்றார். பதினேழை மட்டும் ஒரு மூலையில் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார். அவருடைய குரலும் எழுத்து மாதிரிதான்.

கண்காணிப்பாளர் எரிச்சல்படவில்லை. அன்பாகவே சொன்னார். "உங்க வருத்தம் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. உங்க அக்கா உள்ள படுத்து மூச்சு விட்டா ஈரப்பதம் ஏறும். அவங்கள நான் குத்தம் சொல்லல. மூச்சு விடறவங்க யாரா இருந்தாலும் ஏறும்."

இருபது கட்டிலும் தாழ்வாரத்துக்கு வந்தன. எண் தகடுகளும் கட்டிலோடு வந்தன. அக்காவின் கட்டிலுக்குக் கழிவறைக் கதவுக்கு எதிரே இடம் கிடைத்தது. அங்கிருந்து கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரியும். அவள் இடத்தில் சூப்பிரண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கதவில் ஒரு அறிவிப்பு: உள்ளே ஈரப்பதம் நாற்பத்தைந்து. திறக்காதீர்கள்.

ஐந்தாம் நாள் பிற்பகல் வாரியத்தை வரவேற்க ஒத்திகை நடந்தது. எல்லா ஊழியரும் அந்தக் குளிர் கூடத்துக்குள் வரிசையாக நின்று, சோதனைக்கு வருகிறவர்கள் எந்தச் சட்டகத்தைப் பார்த்தால் யார் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று பழகிக்கொண்டிருந்தார்கள். வெளியே அக்காவுக்குக் காலையிலிருந்தே மூச்சு வாங்கியது. இரண்டே முக்காலுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்தது. எழுத்தர் கிடங்குக்கு ஓடினார். பூட்டியிருந்தது. கிடங்குக்காரர் ஒத்திகையில் இருந்தார். கண்ணாடிக் கதவைத் தட்டினார். திரும்பிப் பார்த்தார்கள், வாயில் விரல் வைத்தார்கள். கதவைத் திறந்துவிட்டார்.

"கதவச் சாத்துங்க, ஈரம் ஏறுது," என்றார் கண்காணிப்பாளர்.

கிடங்குச் சாவி கண்காணிப்பாளரின் மேசையில் இருப்பதாகக் கிடங்குக்காரர் சொன்னார். சிலிண்டர் வெளியே எடுக்கப் படிவம் வேண்டும் என்றார் பசுமை அதிகாரி. படிவம் எங்கே என்றதற்கு, உங்கள் மேசையில்தானே என்றார். உண்மைதான். எழுத்தர் பதிவறைக்கு ஓடி, படிவத்தை எடுத்து, எண் 2/17 என்று எழுதிக்கொண்டு திரும்பி வந்தபோது மணி மூன்று பதினைந்து. கையெழுத்துப் போட வேண்டியவர் உள்ளே வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார். எழுத்தர் தாளைக் கையில் பிடித்தபடியே அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு முறை நிறுத்தி, "அதுக்குக் குளிருதான்னு பாருடா," என்றாள். அவர் சிரிக்க முயன்றார். மூன்று இருபதுக்கு முடிந்தது. அவர் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

அடக்கம் செய்துவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்தார். மேசையில் இரண்டு சீட்டுகள் காத்திருந்தன, இரண்டிலும் எண் 2/17. ஒன்று குழு திருப்பி அனுப்பியிருந்த பூச்சிச் சீட்டு. விவரம் போதாது என்று குறிப்பு. இன்னொன்று வெற்றுச் சீட்டு, அக்காவுக்கானது. எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். நோயாளிக்கு எழுத வேண்டியது மூச்சடைப்பு, இயற்கை என்ற இரண்டு சொல்தான். ஆனால் கை மூன்று மாதமாக வேறுவிதமாகப் பழகியிருந்தது. ஒரு உயிர் போயிருக்கிறது, ஒரே வார்த்தையில் முடித்தால் எப்படி. சீட்டு நிரம்பும்வரை எழுதினார். அடுத்துப் பூச்சிக்கு எழுதும்போது களைப்பாக இருந்தது. ஜன்னல் விளக்குக்கு அடியில் கிடைத்தது, இறகில் சேதமில்லை, நிறம் சாம்பல், இயற்கை என்று முடித்துக்கொண்டார். பிறகு இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, இடது தட்டில் வைக்க வேண்டியதை வலது தட்டிலும், வலதுக்கு உரியதை இடதிலும் வைத்தார்.

கண்காணிப்பாளர் இரண்டு தட்டிலும் கையெழுத்துப் போட்டார். எதையும் படிக்கவில்லை. படித்தால் நேரமாகும்.

வாரியத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைவி ஐம்பது வயதுப் பெண்மணி, நூலில் கோத்த கண்ணாடி. கையில் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தது. தாழ்வாரத்தில் இருமிக்கொண்டு கிடந்தவர்களைக் கடந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர் கூடத்துக்குள் நுழைந்தார்கள். தலைவிக்கு எல்லாம் பிடித்திருந்தது. போகிற போக்கில் சோதனைக்கென்று ஒரு சட்டகத்தைத் திருப்பச் சொன்னார். பெரிய கண்ணுள்ளது அவர் கண்ணில் பட்டது. கம்பவுண்டர் 2/17ஐக் கழற்றித் திருப்பினார். தலைவி பூதக்கண்ணாடியைப் பிடித்து, எல்லோரும் கேட்கும்படி வாசித்தார்.

"இறந்த இடம்: இரண்டாம் வார்டு வெளித் தாழ்வாரம், கழிவறைக் கதவுக்கு எதிரே. அதற்கு முன் இருந்த இடம்: இதே வார்டின் குளிர் கூடம். நகர்த்தக் காரணம்: அலங்காரப் பொருட்களுக்கு இடம் தேவைப்பட்டது. நகர்த்தியவர்: கண்காணிப்பாளரின் எழுத்துமூல உத்தரவின்பேரில் ஊழியர் இருவர். நகர்த்தினால் உயிருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. வெப்பம்: முப்பத்தெட்டு. காலை பத்து முதல் மூச்சு வாங்கியது. பிற்பகல் இரண்டே முக்காலுக்கு ஆக்சிஜன் தீர்ந்தது. மாற்று சிலிண்டர் நாற்பது அடி தூரத்தில், பூட்டிய அறையில். சாவி கண்காணிப்பாளரின் மேசையில். உதவி கேட்கப்பட்டது, கதவைச் சாத்தச் சொல்லப்பட்டது. நேரம்: மூன்று இருபது. உடனிருந்தவர்: தம்பி. காரணம்: இயற்கை அல்ல."

தலைவி பூதக்கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

எழுத்தருக்கு முதலில் விளங்கியது தன் தவறுதான். சீட்டு மாறிவிட்டது மேடம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கண்காணிப்பாளர் முந்திக்கொண்டார். "எழுத்துப்பிழை மேடம். இது அந்தச் சீட்டே இல்ல."

"அப்படியா? அப்ப இது யாரோடது?" என்றார் தலைவி.

பூச்சியுடையது இல்லை என்றால் நோயாளியுடையது. நோயாளியுடையது என்றால் அடியில் இருப்பது அவர் கையெழுத்து. கண்காணிப்பாளர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தார், சட்டகத்தைப் பார்த்தார், பசுமை அதிகாரியைப் பார்த்தார். பசுமை அதிகாரி தரையைப் பார்த்தார்.

"பூச்சியோடதுதான் மேடம்," என்றார் கண்காணிப்பாளர்.

தலைவி எழுத்தர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் எழுதினதா? இதுல இருக்கறதெல்லாம் நடந்ததா?"

எழுத்தர் திறந்த வாயை மூடிக்கொண்டார். அக்கா இருந்திருந்தால் இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பாள். அவருக்கு அப்படியெல்லாம் பேச வராது.

"ஒரு எழுத்துகூட மிகை இல்ல மேடம்," என்றார்.

தலைவியின் கண் கலங்கியது. உடன்பிறந்ததுகூடப் பக்கத்தில் இருந்திருக்கிறது, எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறீர்கள் என்றார். இருபது வருஷத்தில் இப்படியொரு கொடுமையைத் தான் வாசித்ததில்லை என்றும் சொன்னார். மறுசோதனைவரை முத்திரையை நிறுத்திவைத்து, அங்கேயே விசாரணைக்கு உத்தரவு போட்டார்.

மூன்று நாள் விசாரணை. கண்காணிப்பாளரின் அறையிலேயே நடந்தது. சட்டகத்தை மேசைமேல், வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். எழுத்தரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவசரப்படாமல் சொல்லுங்கள் என்றார்கள். அக்கா செத்ததிலிருந்து அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நகராட்சிக்காரர் கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை. அவர் சொன்னார். எத்தனை மணிக்குத் தட்டினார், கதவில் என்ன எழுதியிருந்தது, யார் வாயில் விரல் வைத்தார்கள், எல்லாம். சுருக்கெழுத்துக்காரப் பெண் ஒரு சொல்லையும் விடவில்லை. கடைசி நேரத்தில் அது ஏதாவது சத்தம் எழுப்பியதா என்று தலைவி கேட்டார். குளிருதா என்று கேட்டது என்று சொல்ல வந்து, இல்லை என்று சொல்லிவிட்டார். அதை மட்டும் அவர்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

கண்காணிப்பாளரின் வாக்குமூலம் நாலு பக்கம். "அந்தப் பூச்சிய நெனைக்காத நாள் இல்ல," என்று தொடங்கினார். "தாழ்வாரத்துல அதுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு இப்பதான் ஒறைக்குது. நான் கல்நெஞ்சக்காரன் இல்ல மேடம். என் கவனமெல்லாம் மத்த பூச்சிங்க மேல இருந்துச்சு, அதான்." சொல்லும்போது உண்மையாகவே குரல் தழுதழுத்தது. இத்தனைக்கும் தாழ்வாரத்திலிருந்து வரும் இருமல் பேச்சைக் குலைக்கிறது என்று நடுவில் எழுந்து ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

இடையில் எழுத்தர் ஒரு கேள்வி கேட்டார். தாழ்வாரத்தில் இன்னும் பத்தொன்பது கட்டில் இருக்கிறதே என்றார். தலைவி வருத்தத்தோடு கண்ணாடியைக் கழற்றினார். நோயாளிகள் தங்கள் அத்தியாயத்தில் வரவில்லை என்றும், அது வேறு துறை என்றும், தன்னிடம் அதிகாரம் இருந்தால் செய்யாமல் இருப்பேனா என்றும் சொன்னார்.

தீர்ப்பு தடித்த தாளில், முத்திரை பொறித்து வந்தது. எண் 2/17இன் மரணம் இயற்கையானதன்று, தவிர்த்திருக்கக்கூடியது, நிர்வாகத்தின் அலட்சியமே காரணம். ஆகவே அதை அலங்காரமாக மாட்டுவது முறையன்று. தோட்டத்தில் மரியாதையுடன் புதைக்க வேண்டும். கண்காணிப்பாளர் எழுத்துமூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இனி சட்டகங்களின் பாதுகாப்புக்காக நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும்; எந்தச் சட்டகத்துக்குத் தேவை என்றாலும் கையெழுத்துக்குக் காத்திராமல் உடனே கொடுக்க வேண்டும். செத்த பூச்சிக்கு ஆக்சிஜன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தீர்ப்பைக் கேள்வி கேட்டால் மதிப்பெண் போகும்.

சூப்பிரண்டைக் கண்காணிப்பாளரே குழி தோண்டிப் புதைத்தார். வருத்தக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்று குழப்பம் வந்தபோது, உடனிருந்தவரிடம் கொடுக்கலாமே என்று பசுமை அதிகாரி யோசனை சொன்னார். தம்பிப் பூச்சி எங்கே போயிற்றென்று தெரியாததால், அதைப் பார்த்து எழுதியவரிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. 2/17இன் இழப்புக்கு வருந்துகிறேன் என்று எழுதியிருந்தது. எழுத்தர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்றே நகராட்சிக்குப் போய் அக்காவின் மரணச் சான்றிதழை வாங்கினார். அக்காவின் பெயர் சரியாக இருந்தது. காரணம் இயற்கை என்றிருந்தது. அங்க அடையாளம் என்ற இடத்தில் நிறம் சாம்பல், இறகில் சேதமில்லை என்றிருந்தது. சரிபார்க்கப்பட்டது என்று சிவப்பில் குத்தியிருந்தார்கள். ஜன்னலில் இருந்தவர், பிழை ஏதும் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு திருத்த முடியாது என்றார். எழுத்தர் ஒரு முறை வாசித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பதிவறையில் 2/17 என்று போட்ட அக்காவின் கோப்பு இருந்தது. அதில் தீர்ப்பையும் வருத்தக் கடிதத்தையும் கோத்தார். சான்றிதழைக் கோக்கவில்லை. இறந்த நோயாளியின் கோப்பில் சேர்ந்த தாளை ஐம்பது வருஷத்துக்கு யாரும் எடுக்கக் கூடாது, கண்காணிப்பாளரானாலும் சரி. அது பதிவறையின் விதி. கோப்பை அலமாரியில் அதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் கழிவறைக் கதவுக்கு எதிரே 2/17இல் புதிதாக ஒரு ஆள் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், பக்கத்தில் மனைவி. நெஞ்சு விசிறி மாதிரி ஏறி இறங்கியது. அவருடைய சிலிண்டரின் முள் அடிமட்டத்தில் நின்றது. எழுத்தர் முள்ளைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்குள்ளே பார்த்தார். பதினேழாம் ஆணியில் கம்பவுண்டர் புதிதாக ஒரு வண்டை மாட்டிவிட்டிருந்தார்.

பைக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்து, எண் 2/17 என்று எழுதிக்கொண்டு கிடங்குக்குப் போனார். இந்தத் தடவை எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார். கிடங்குக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஆளுக்கா சார், பூச்சிக்கா?"

"பூச்சிக்கு," என்றார் எழுத்தர்.

கிடங்குக்காரர் துள்ளி எழுந்தார். ஆணியிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் சிலிண்டர் அறைக்கு ஓடினார்.